உள்ளே நடந்ததை வந்து சொல்பவன்

என் மனைவிக்கு எம்.ஏ. ஆங்கிலத்தில் ஒரே ஒரு பேப்பர் அரியர் நின்றது. கிரேக்க, லத்தீன் இலக்கியமும் பிற்காலக் கலைகளில் அவற்றின் செல்வாக்கும் என்பது அந்தப் பேப்பரின் தலைப்பு. எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் இருந்தது, கிரேக்கத்தில் ஓர் எழுத்துகூடத் தெரிய வேண்டியதில்லை. அப்படியிருந்தும் இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் ஊற்றிக்கொண்டது. மற்ற பேப்பர்களை எல்லாம் முதல் தடவையிலேயே தாண்டிவிட்டவள் இந்த ஒன்றில் மட்டும் தடுக்கி விழுந்துகொண்டே இருந்தாள்.

அவள் கடலூர்ப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புவரை ஆங்கிலம் எடுக்கிறாள். எம்.ஏ. முடித்தால்தான் பிளஸ் டூ ஆசிரியராகப் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் ஏறும். அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் ஏற்கெனவே ஏறிவிட்டார்கள். போதாக்குறைக்கு, பாடத்திட்டம் மாறுகிறது, பழைய பாடத்திட்டத்தில் அரியர் எழுத இதுதான் கடைசி வாய்ப்பு என்று தொலைதூரக் கல்வியிலிருந்து அறிவிப்பு வந்தது. இதையும் விட்டால் புதிய பாடத்திட்டத்தில் எல்லாப் பேப்பரையும் முதலிலிருந்து எழுத வேண்டும். "அப்பிடி ஆச்சுன்னா நான் எழுத மாட்டேன் மாமா. வுட்டுடுவேன்" என்று சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னதால்தான் எனக்குப் பயம் வந்தது.

நான் குடிகாட்டில் ஒரு ரசாயன ஆலையின் லேபில் கெமிஸ்ட். இருபத்திரண்டு வருடங்களாக அதே லேப், அதே தராசு, ஒரு வாரம் காலை ஷிஃப்ட், மறு வாரம் பிற்பகல் ஷிஃப்ட். பிளாண்டுக்குள் போனால் இரைச்சலில் யாரும் யாருடனும் பேச முடியாது, கைச்சாடைதான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று என் மகள் சொல்வாள். அவள் இப்போது சென்னையில் ஹாஸ்டலில் இருக்கிறாள். இலக்கியத்துக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. பள்ளியில் தமிழ்ச் செய்யுளை மனப்பாடம் செய்து ஒப்பித்ததோடு சரி.

இந்த விவகாரத்தில் நான் தலையிடக் காரணம் என் கோபம்தான். நான் லீவில் இருந்த ஒரு நாள், அவள் பள்ளிக்குப் போன பிறகு, அவள் படிக்கும் கைடை எடுத்துப் புரட்டினேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாங்கியது. ஒரு நாடகத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். கதை ஆறு வரி, பாத்திரங்கள் நாலு வரி, அதற்குக் கீழே நாயகனின் குறை என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. ஆஸ்பத்திரியில் கட்டிலில் தொங்கும் சீட்டில் வியாதியின் பெயர் எழுதியிருப்பதுபோல ஒவ்வொரு ராஜாவுக்கும் ஒரு குறை. இவனுக்கு ஆணவம், அவனுக்கு அவசரம், அடுத்தவனுக்குப் பிடிவாதம். எனக்குச் சுள்ளென்று வந்தது. சாம்பிளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ரிப்போர்ட் எழுதுகிறவர்களை லேபில் நான் என்ன திட்டு திட்டுவேனோ அதையெல்லாம் அந்தக் கைடைப் பார்த்து வாய்விட்டுத் திட்டினேன். வீட்டில் யாரும் இல்லாதது நல்லதாயிற்று.

சாயங்காலம் அவள் வந்ததும், "இதப் படிச்சா எப்பிடிப் பாஸாவ? நாடகத்த நாடகமா படிக்க வேணாமா?" என்றேன்.

"படிக்கலாம். நேரத்த நீங்க வாங்கிட்டு வாங்க" என்றாள். நாற்பத்தெட்டு பிள்ளைகளின் நோட்டு அவள் மேஜைமேல் அடுக்கியிருந்தது.

நேரம் என்னிடம் இருந்தது. எங்கள் லேபில் ஒரு சோதனை உண்டு. பொடியை எடைபோட்டு அடுப்பில் வைத்துவிட்டு மூன்று மணி நேரம் காத்திருந்து, ஈரம் எவ்வளவு போயிற்று என்று மறுபடியும் எடைபோட வேண்டும். அந்த மூன்று மணி நேரத்தில் மற்ற வேலைகள் போக முக்கால் மணியாவது சும்மா கிடைக்கும். அடுத்த முறை சிதம்பரம் போனபோது, பாடத்திட்டத்தில் இருந்த நாடகங்களையும் காவியப் பகுதிகளையும் போனில் இறக்கி, அண்ணாமலை நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, இரண்டு பக்கமும் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு வாங்கினேன். அட்டைக்கு என்ன கலர் என்று கடைக்காரர் கேட்டார். நீலம் என்றேன். பத்து நாளில் அட்டையில் சில்வர் நைட்ரேட் கறை விழுந்து அதுவும் லேப் நோட்டாகவே மாறிவிட்டது.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் பிடிபடவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது வாரம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, விழுந்துவிட்டேன். அடுப்பு மணி அடித்தாலும் எழுந்து போக மனம் வராது. தெய்வம் சொன்னது நடக்கக் கூடாது என்று ஊரைவிட்டு ஓடுகிறவன் அதை நோக்கியே ஓடிக்கொண்டிருப்பான். நில்லுப்பா என்று கத்தத் தோன்றும். இத்தனைக்கும் முடிவு என்னவென்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள். அங்கே பார்க்க வந்த ஜனங்களுக்கும் கதை முன்னாலேயே தெரியுமாம். தெரிந்துகொண்டே வந்து உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். நாமும் அப்படித்தானே என்று எனக்கு அந்த ஜனங்கள் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

லத்தீன் என்னைப் பிடித்தது வேறு வழியில். லேபில் பாட்டில்மேல் எழுதியிருப்பதை இத்தனை வருடம் குறியீடு என்றுதான் நினைத்திருந்தேன். இரும்புக்கு ஆங்கிலத்தில் அயர்ன் என்று இருக்கும்போது எதற்காக எஃப்-இ, வெள்ளிக்கு எதற்காக ஏ-ஜி என்று கல்லூரியிலேயே யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஃபெர்ரம், அர்ஜென்டம். எல்லாம் லத்தீன். ஈயம் பிளம்பம். அந்த ஈயக் குழாயில் வேலை செய்கிறவன்தான் பிளம்பர். எங்கள் தெருவுக்கு வருகிற பிளம்பரிடம் ஒரு நாள் இதைச் சொன்னேன். "சரிங்க சார், வாஷர் வாங்கியாந்தீங்களா?" என்றார்.

கிரேக்கம் இன்னும் கிட்டே இருந்தது. நல்ல காரியத்துக்கு நேரம் பார்க்கும்போது சுக்கிர ஓரையா, குரு ஓரையா என்று கேட்கிறோமே, அந்த ஓரை கிரேக்கத்திலிருந்து கப்பலேறி வந்ததாம். ஜாதகத்தில் கேந்திரம் என்கிறார்களே, அதுவும்தான். சிதம்பரத்தில் என் மாமனார் வழக்கமாகப் போகும் ஜோசியர் இதைக் கேட்டால் என்னை வீட்டுக்குள்ளேயே விடமாட்டார். ரோமாபுரிக் காமெடி நாடகங்களைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்ததில் ஜூனியர் கெமிஸ்ட் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முதலாளியைவிடப் புத்திசாலியான வேலைக்காரன், கஞ்சப் பிசினாறி அப்பா, உருவம் ஒன்றாக இருக்கும் இரட்டையரை ஊரே மாற்றி மாற்றி அடிப்பது என்று நான் சின்ன வயதில் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்ததெல்லாம் அங்கே இருந்தது. அவளுடைய பாடத்தில் செல்வாக்கு என்று எழுதியிருந்தது இதைத்தான் என்று எனக்குச் சட்டென்று விளங்கியது. கைடில் அதற்கு மூன்று பக்கம் எழுதியிருந்தார்கள், எனக்கு ஒன்றும் விளங்கியிருக்கவில்லை.

சரி, நான் படித்தாயிற்று. அவளுக்குள் எப்படிப் போவது? அதற்கு ஒரு வழி கிடைத்தது. அவள் அம்மா அப்பா சிதம்பரத்தில் இருக்கிறார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி என்பதால் ஞாயிறுதோறும் நாங்கள் பைக்கில் போய் வருவோம். போக ஒன்றே கால் மணி, வர ஒன்றே கால் மணி. அதுவரை அந்த வழியில் நாங்கள் பேசிக்கொண்டது பெட்ரோல் இருக்கிறதா, மழை வருமா என்ற அளவில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பம் தாண்டியதும் நான் பாட்டுக்கு ஒரு நாடகத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.

கதை கேட்கிறவர் 'ம்' கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் சொல்கிறவனுக்கு ஓடாது. ஹெல்மெட்டுக்குள் அவள் 'ம்' எனக்குக் கேட்கவில்லை. நான் இரண்டு முறை "கேக்குறியா?" என்று கத்தியதும், 'ம்'முக்குப் பதிலாக என் தோளில் விரலால் ஒரு தட்டுத் தட்ட ஆரம்பித்தாள். அதுவே வழக்கமாயிற்று. ஆச்சரியமான இடத்தில் இரண்டு தட்டு.

நாளடைவில் எல்லாக் கதைக்கும் ஒரே ரூட் அமைந்துவிட்டது. ஓல்டு டவுன் தாண்டுவதற்குள் யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்லிவிடுவேன். குடிகாட்டில் எங்கள் ஆலைகளின் வாடை அடிக்கும்போது அவள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொள்வாள், நானும் கொஞ்சம் நிறுத்துவேன். ஆலப்பாக்கம் வருவதற்குள் பிரச்சினை கிளம்பியிருக்கும். புதுச்சத்திரத்தில் டீக்கடை, அங்கே இன்டர்வெல். பி.முட்லூரில் உண்மை வெளியே வரும். வெள்ளாற்றுப் பாலத்துக்கு மேல் யாராவது செத்துப்போவார்கள். சிதம்பரத்துக்குள் நுழைகிற போக்குவரத்து நெரிசலில், மேடையில் கூட்டமாக நிற்கும் கோரஸ் புலம்பும். திரும்பி வரும்போது போரையும் கடல் பயணத்தையும் பற்றிய காவியங்கள். அவை நீளம், ஓர் ஆளை அவன் ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு நாலு ஞாயிறு ஆயிற்று.

நான் நன்றாகச் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். சினிமா கதை சொல்வதில் கல்லூரி நாட்களில் எனக்குப் பேர் உண்டு. அதே பாணிதான். ஒரு நாடகத்தில் ஒரு ராணி வருவாள். தன் வாழ்க்கையையே புரட்டிப்போடும் ஓர் உண்மை அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள், அரண்மனைக்குள் போய்விடுவாள். நான் அவள் பின்னாலேயே உள்ளே போனேன். கதவைத் தாழ்போடுகிறாள், கட்டிலைப் பார்க்கிறாள், விளக்கு படபடக்கிறது என்று வெள்ளாற்றுப் பாலம் முழுக்கச் சொன்னேன். என் தோளில் மூன்று தட்டு விழுந்தது. அதற்கு முன்பு மூன்று விழுந்ததே இல்லை. அன்றைக்கு மாமியார் வீட்டில் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

தேர்வு ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. அண்ணாமலை நகரில் சென்டர் போட்டிருந்தார்கள். லீவு போட்டுவிட்டு ஆறரைக்கே கிளம்பி, வழி நெடுக ஒவ்வொரு நாடகத்தையும் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொண்டு போனேன். அவள் போனையும் கைப்பையையும் என்னிடம் கொடுத்துவிட்டு, ஹால் டிக்கெட்டையும் இரண்டு பேனாவையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் தூங்குமூஞ்சி மரத்தடியில் சிமென்ட் கட்டையில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். பரங்கிப்பேட்டைக்காரர், கத்தாரிலிருந்து இரண்டு மாத லீவில் வந்திருக்கிறார், மகள் எம்.காம். எழுதுகிறாள் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொண்டேன். பிறகு அவர் போனில் ஆழ்ந்துவிட்டார். நான் ஸ்பைரல் புத்தகத்தைப் பிரித்தேன். தேர்வுக்கு இல்லை, என் ஆசைக்கு. ராணியின் நாடகத்தை எடுத்தேன்.

லேபில் அவசரமாகப் படித்ததற்கும் மரத்தடியில் நிதானமாகப் படித்ததற்கும் வித்தியாசம் இருந்தது. ராணி உள்ளே போகிறாள். கதவு மூடிக்கொள்கிறது. அதற்குப் பிறகு உள்ளேயிருந்து ஒரு வேலையாள் வெளியே வருகிறான். தாழ்போட்டது, கட்டில், விளக்கு எல்லாவற்றையும் அவன்தான் வாயால் சொல்கிறான். பார்க்கிற ஜனங்கள் மூடிய கதவைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில் அவன் பேச்சு என்று போட்டிருந்ததை நான் கண்டுகொள்ளவே இல்லை. நடுவில் இவன் ஒருத்தன் எதற்கு என்று அவனைத் தூக்கிப் போட்டுவிட்டு, நேராகக் காமிராவைப் படுக்கையறைக்குள் கொண்டுபோயிருக்கிறேன்.

முன்னுரையைப் புரட்டினேன், அதை நான் படித்ததே இல்லை. அந்த மேடையில் கொலையையும் சாவையும் ஜனங்கள் கண்ணெதிரே காட்டமாட்டார்கள் என்று அங்கே இருந்தது. உள்ளே நடக்கும், ஒருவன் வந்து சொல்வான். சொல்லக் கேட்பதுதான் அந்த நாடகத்தின் பலமே. பின்பக்கம் அவள் செருகி வைத்திருந்த பழைய கேள்வித்தாள்களைப் பார்த்தேன். மூன்று வருடத்தில் இரண்டு முறை அதே கேள்வி: கிரேக்க மேடையில் மரணம் எவ்வாறு கையாளப்படுகிறது, தூதனின் பங்கு என்ன? பதினைந்து மதிப்பெண்.

அடுத்தடுத்த நாடகங்களை வேகமாகத் திருப்பினேன். எல்லாவற்றிலும் அதே கதை. பாலத்துக்கு மேல் நான் கொன்ற அத்தனை பேரும் தப்பாகச் செத்திருந்தார்கள். கோரஸை நான் குரூப் டான்ஸ் மாதிரி சொல்லியிருந்தேன், அது ஊர்ப் பெரியவர்கள் கூட்டமாக நின்று யோசிப்பது. கடைசி வாய்ப்பு. அவள் எழுதி எழுதித் தோற்றிருந்தால் அது வேறு. நான் நடுவில் புகுந்து, கைடு வேண்டாம் என்று பிடுங்கிப் போட்டு, வாராவாரம் தப்புத் தப்பாக ஓதி அனுப்பியிருக்கிறேன். என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் புத்தகத்தைக் கட்டைமேல் ஓங்கி அடித்தேன்.

பாய் திடுக்கிட்டு, "என்னா சார், எதுனா பிரச்சினையா?" என்றார்.

யாரிடமாவது சொன்னால் தேவலை போலிருந்தது. முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இப்ப உள்ள தகவல் போவணும், அவ்வளவுதானே?" என்றார். "வாட்ச்மேன் எனக்குத் தெரிஞ்சவரு மாதிரி இருக்காரு. தண்ணி குடுக்குறாப்புல போயி ஒரு வார்த்த சொல்லச் சொன்னா?"

ஒரு நிமிடம் ஆசை வந்தது, மறைக்கவில்லை. "அது பிட்டு குடுக்குறதுல வந்துடும் பாய்" என்றேன்.

"ஆமா. புடிச்சா மூணு வருஷம் எழுத வுடமாட்டான்." போனைச் சட்டைப் பையில் வைத்தார். "அப்ப நம்மளால ஆவறது அல்லாகிட்ட துஆ கேக்குறது மட்டுந்தான். ஜாஸ்தி கவலப்படாதீங்க. பொம்பளைங்க நாம சொல்றத அப்பிடியே எழுதுவாங்கன்னு யார் சொன்னா?"

அவர் சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மணி பதினொன்று இருபது. உள்ளே மின்விசிறி சுற்றுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நான் இரண்டு டீ குடித்தேன், இரண்டுமே ஆறிப்போன பிறகு. காம்பவுண்டு சுவரை ஒட்டி நடந்தேன். வுட்டுடுவேன் என்று அவள் சொன்ன குரல் காதிலேயே நின்றது. பாயின் மகள் பன்னிரண்டரைக்கே வெளியே வந்துவிட்டாள். அவர் கிளம்பும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். அந்த மனிதரை நான் பிறகு பார்க்கவில்லை, ஆனால் நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.

ஒரு மணி அடித்து ஐந்து நிமிடம் கழித்து அவள் வந்தாள். விரலில் மை. "தண்ணி குடுங்க" என்றாள். பாட்டிலைக் கொடுத்தேன்.

"அந்தக் கேள்வி வந்துச்சா? சாவு, தூதன்?"

"வந்துச்சு. பதினஞ்சு மார்க்."

"என்னா எழுதுன?"

"நாலு பக்கம்."

"என்னா எழுதுனன்னு கேட்டேன்."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அவ ஒன்னும் பேசாம உள்ள போயிடுவா. கதவு சாத்திக்கும். உள்ளேர்ந்து ஒருத்தன் வந்து நடந்தத சொல்லுவான். காட்டுனா ஒரு சாவுதான், சொன்னா கேக்குற ஒவ்வொருத்தன் மனசுலயும் ஒரு சாவுன்னு எழுதுனேன். சரிதானே?"

"நான் அப்பிடிச் சொல்லலியே" என்றேன்.

"நீங்க எங்க சொன்னீங்க? நீங்கதான் அவகூடவே பெட்ரூமுக்குள்ள பூந்துட்டீங்களே." சிரித்தாள். "உங்க புக்க ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போயி மத்தியானத்துல படிப்பேன். உங்களுக்கு மார்னிங் ஷிஃப்ட் இல்லாத நாளெல்லாம் உங்க பையில அது இருக்காது, கவனிக்கலியா? சாப்ட்டுட்டு இருவது நிமிஷம் கெடைக்கும். ரெண்டு தடவ படிச்சேன்."

நான் கவனித்திருக்கவில்லை. பிற்பகல் ஷிஃப்டுக்குப் போகும் நாட்களில் புத்தகத்தை வீட்டில் மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். "அப்ப நான் தப்பா சொல்றேன்னு உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"பசிக்குது மாமா. மொதல்ல எங்கனா சாப்புடலாம்" என்றாள்.

கீழவீதிப் பக்கம் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டோம். அவள் நன்றாகச் சாப்பிட்டாள். எனக்கு நிம்மதி ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். ஆறு மாதம் கதாகாலட்சேபம் செய்திருக்கிறேன். கேட்டவள் ஒரு டீச்சர். மாணவன் தப்பாக ஒப்பிப்பதைச் சிவப்புப் பேனாவை மூடிவைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். அந்த மூன்று தட்டுகூட என் தப்பைப் பார்த்துச் சிரிப்பை அடக்கத்தான் தட்டியிருப்பாளோ என்று சந்தேகம் வந்துவிட்டது. திரும்பி வருகிற வழியில் நான் எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் சொல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிறு பெட்ரோல் இருக்கிறதா என்று அவள் கேட்டாள், இருக்கிறது என்றேன்.

ரிசல்ட் வர ஏழு வாரம் ஆயிற்று. அவள் பள்ளியில் இருந்தாள், நான் லேபில். போனில் கூப்பிட்டு, "அறுபத்தேழு மாமா" என்றாள். நான் தராசுக் கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்தபடியே நின்றேன். சந்தோஷத்தில் ஜூனியர் கெமிஸ்டிடம் சொன்னேன், அவர் எனக்குத்தான் வாழ்த்துச் சொன்னார். சாயங்காலம் இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது வரட்டும், இனி அது ஆபீஸ் வேலை. அவள் முகத்தில் ஒரு வருடமாக இல்லாத தெளிவு இருந்தது. எனக்கு அது போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்குக் கிளம்பினோம். மாமியாருக்கும் இனிப்பு டப்பா. ஆலப்பாக்கம் தாண்டியதும் அவள் குனிந்து என் காதுக்கருகில் கேட்டாள்.

"இப்பல்லாம் ஏன் ஒன்னுமே சொல்ல மாட்டேங்குறீங்க?"

"பரீட்ச முடிஞ்சிபோச்சே."

"அதுக்கு?"

"தப்புத் தப்பாச் சொன்னேன். நீ எல்லாத்தையும் படிச்சவ. தெரிஞ்சும் திருத்தாம இருந்துட்ட. அப்புறம் எப்பிடிச் சொல்றது?"

லாரி ஒன்று எங்களைக் கடந்து போனது. அதன் சத்தம் அடங்கியதும் அவள் மறுபடியும் குனிந்தாள்.

"கைட நான் ரெண்டு தடவ உருப்போட்டேன், ஒன்னும் நிக்கல. நீங்க அந்த ராணியச் சொன்ன அன்னிக்குத்தான், நெசமாவே இப்பிடி இருக்கான்னு பாக்கலாம்னு புக்க எடுத்தேன். இல்லன்னா எடுத்திருக்க மாட்டேன்" என்றாள். "அடுத்த வாரமே தெரிஞ்சிபோச்சு நீங்க அடிச்சு வுடுறீங்கன்னு."

"சொல்லியிருக்கலாமில்ல."

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க. இப்ப நிறுத்துனீங்க பாருங்க, அந்த மாதிரி. கல்யாணம் ஆயி பத்தொம்போது வருஷம் ஆச்சு மாமா. இந்த ஆறு மாசந்தான் நீங்க எங்கிட்ட பேசியிருக்கீங்க."

நான் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை, தேர்வு எழுதிவிட்டு வந்து நாலு பக்கம் என்று சொன்ன அதே குரல்தான். அதனால் இன்னும் ஆழமாக இறங்கியது. புதுச்சத்திரம் டீக்கடை வந்தது, நிறுத்தாமல் தாண்டிப் போனேன்.

"கிரேக்கக் கதையெல்லாம் தீந்துபோச்சே" என்றேன், கொஞ்ச தூரம் போனபிறகு. "எதச் சொல்றது?"

"எதையாச்சும் சொல்லுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை லேபில் ஒரு ஜாடி உடைந்த விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.